துப்பாக்கிச் சட்டமும் பொதுஜன அபிப்பிராயமும்: ஹைதராபாத்தை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

ஒரு தேசத்தின் பிரஜைகள் தம்முடைய தற்காப்பை எந்த அளவுக்குத் தம் கையில் வைத்துக்கொள்ளலாம், எந்த அளவுக்கு அதைச் சர்க்காரிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்ற கேள்வி அரசியல் சாஸ்திரத்தின் ஆதிக் கேள்விகளுள் ஒன்று. துப்பாக்கிச் சட்டம் இன்னும் கடுமையாக வேண்டுமா என்று நாம் விவாதிக்கும்போதெல்லாம் அடிப்படையில் இந்தக் கேள்வியைத்தான் விவாதிக்கிறோம். அமெரிக்காவில் இதைப் பற்றி ஜனங்களின் கருத்தைக் கேட்டு ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறார்கள். 2023ஆம் ஆண்டில் கேலப் ஸ்தாபனம் எடுத்த கணக்கில் நூற்றுக்கு 56 பேர் சட்டம் மேலும் கடுமையாக வேண்டும் என்றார்கள். நம் நாட்டில் இந்தக் கேள்வியை அவ்விதம் முறையாகக் கேட்கும் வழக்கம் வேரூன்றவில்லை. ஆகையால் ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை, அவர்கள் எதற்கு விண்ணப்பம் போடுகிறார்கள், எதைக் கண்டு கோபப்படுகிறார்கள், எதற்குக் கைதட்டுகிறார்கள் என்பவற்றிலிருந்துதான் நாம் ஊகித்து அறிய வேண்டியிருக்கிறது.

அத்தகைய ஆராய்ச்சிக்கு ஹைதராபாத்தைப்போல் இசைந்த நகரம் இந்தியாவில் வேறு இருப்பது அரிது. கூலிப்படைகளும் அவற்றின் தலைவர்களான ஜமேதார்களும் ஆயுதபலத்தால் கோலோச்சிய நகரம் அது. ஆயுதம் தாங்கிய ஒரு பெரிய விவசாயிகள் போராட்டத்துக்கும், அதன் எதிரொலியாகப் பிறந்த ஓர் அஹிம்சை இயக்கத்துக்கும் சாட்சியாக நின்ற பிரதேசத்தின் தலைநகரம் அது. துப்பாக்கி சுடும் விளையாட்டில் உலகப் புகழ் பெற்றவர்களை வளர்த்துக் கொடுத்ததும் அதுவே. இவ்வளவுக்கும் மேலாக, அந்நகரத்துக் குடும்பங்களில் கணிசமானவற்றின் பிள்ளைகள் இன்று அமெரிக்காவில் இருக்கிறபடியால், அந்நாட்டுத் துப்பாக்கிச் சட்டமும் அங்கே வீட்டு விஷயமாகவே ஆகிவிட்டது.

சரித்திரத்தின் சாட்சியம்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நிஜாம் அலிகானின் படையில் சேவகம் செய்த பிரெஞ்சுக்காரரான ரேமண்ட் நிறுவிய பீரங்கி வார்ப்புச்சாலை, ‘தோப் கா சாஞ்சா’ என்ற பெயருடன் இன்றும் ஹைதராபாத்தின் நடுவில் நிற்கிறது; அதைச் சுற்றியுள்ள பேட்டைக்கே கன்ஃபவுண்டரி என்று பெயர். ரேமண்ட் மறைந்த சில மாதங்களில், 1798ஆம் ஆண்டு, ஆங்கிலேயர் நிஜாமோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி அந்தப் பிரெஞ்சுப் படை முழுவதும் நிராயுதமாக்கப்பட்டுக் கலைக்கப்பட்டது. ஆயுதத்தைப் பறிப்பது அதிகாரத்தைப் பறிப்பதே என்ற பாடத்தை அந்நகரம் அன்றே கற்றுக்கொண்டது.

அதற்குப் பின்பும் நகரில் ஆயுதங்கள் குறைந்துவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அரேபிய ஜமேதார்களும் ரோஹில்லாக்களும் தங்கள் ஆட்களுடன் தெருக்களில் உலவினார்கள். பிரபுக்களுக்குக் கடன் கொடுத்தவர்களும், கடனை வசூலிப்பதற்காகத் தனிச் சிறைகளை வைத்திருந்தவர்களும் அவர்களே. சர்க்காருடைய நியாயஸ்தலம் பலவீனமாக இருந்த இடத்தில் ஜமேதாரின் துப்பாக்கியே நியாயஸ்தலமாக இருந்தது. 1853 முதல் 1883 வரை திவானாக இருந்த முதலாம் சாலார்ஜங் இந்த நிலையை மாற்ற முற்பட்டபோது, ஆயுததாரிகளை அடக்குவதோடு நிற்காமல், நீதிமன்றங்களையும் வரிவசூல் நிர்வாகத்தையும் சீர்ப்படுத்தினார் என்பது கவனிக்கத்தக்கது. ஆயுதத்தை விலக்குவதும் நீதியை நிறுவுவதும் ஒரே வேலையின் இரு பகுதிகள் என்பதை அவர் அறிந்திருந்தார். இந்தக் கட்டுரையின் முடிவுக்கும் அதுவே அடிப்படை.

இருபதாம் நூற்றாண்டில் அதே உண்மை வேறு வடிவத்தில் வெளிப்பட்டது. தெலுங்கானாவின் ஜாகீர்களிலும் தேஷ்முக்குகள் என்ற நிலப்பிரபுக்களின் நிலங்களிலும் கூலியில்லாத வெட்டி வேலை செய்து நொந்த குடியானவர்கள் 1946 முதல் ஆயுதம் எடுத்தார்கள். மறுபுறம், இந்தியாவுடன் இணையாதிருந்த நிஜாமின் ஆட்சிக்கு ஆதரவாகக் காசிம் ரஸ்வியின் ரஜாக்கர் படையினர் ஆயுதம் தாங்கி நின்றார்கள். சிட்னி காட்டன் என்ற ஆஸ்திரேலிய விமானி கராச்சியிலிருந்து ஹைதராபாத்துக்கு ஆகாய மார்க்கமாகத் துப்பாக்கிகளைக் கடத்தினார். 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் புகுந்து ரஜாக்கர்களை அடக்கிய பிறகும் கிராமங்களில் போராட்டம் 1951 வரை ஓயவில்லை. அந்த ஆண்டு ஏப்ரலில், ஹைதராபாத்தை அடுத்த சிவராம்பள்ளியில் கூடிய சர்வோதய மகாநாட்டுக்குக் கால்நடையாக வந்த வினோபா பாவே, அங்கிருந்து கலவரப் பிரதேசத்துக்குள் நடந்து சென்று, 18ஆம் தேதியன்று போச்சம்பள்ளியில் ஹரிஜனங்களுக்காக நிலம் கேட்டபோது, ராமச்சந்திர ரெட்டி என்ற நிலச்சுவான்தார் நூறு ஏக்கர் தருவதாக எழுந்து சொன்னார். இவ்விதம் பிறந்த பூதானம் என்ற நிலதான இயக்கத்தின் பிற்காலப் பலன்களைப் பற்றி அபிப்பிராய பேதம் இருக்கலாம். ஆனால் நிலத்துக்காக எடுக்கப்பட்ட ஆயுதத்துக்கு நிலத்தைக் கொண்டே பதில் சொல்ல முயன்ற அந்த விவேகத்தை மறுப்பதற்கில்லை.

சட்டம் வந்த வழி

துப்பாக்கிச் சட்டத்தைப் பற்றிய இந்தியர்களின் முதல் அபிப்பிராயம் அதை எதிர்ப்பதாகவே இருந்தது என்பதை இன்று பலர் மறந்துவிட்டார்கள். லிட்டன் பிரபு 1878ஆம் ஆண்டில் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியன் லைசென்ஸ் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்கி, ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. 1887ஆம் ஆண்டு, பத்ருதீன் தயாப்ஜியின் தலைமையில் சென்னையில் கூடிய மூன்றாவது காங்கிரஸ் மகாசபை அச்சட்டத்தைத் தளர்த்தும்படி தீர்மானம் நிறைவேற்றியது. அஹிம்சையையே தர்மமாகக் கொண்ட காந்தியடிகள்கூட, 1918ஆம் ஆண்டில் கேடா ஜில்லாவில் வெளியிட்ட துண்டுப் பிரசுரத்தில், ஒரு தேசம் முழுவதையும் நிராயுதபாணியாக்கிய அந்தச் சட்டத்தை ஆங்கில ஆட்சியின் மிகக் கரிய செயலாகக் கண்டித்தார். 1928ஆம் ஆண்டின் நேரு அறிக்கையும், 1931ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட கராச்சி காங்கிரஸின் அடிப்படை உரிமைகளும், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பிரஜைகளுக்கு வழங்கின.

சுதந்திரம் வந்தபின் காற்று திசை மாறியது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் அவ்வுரிமையை அரசியல் சட்டத்தில் சேர்க்கத் திருத்தம் கொடுத்தபோது டாக்டர் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை, சபை நிராகரித்தது. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையே 19ஆவது ஷரத்தில் இடம்பெற்றது. தேசப்பிரிவினையின் ரத்தம் உலராத காலத்தில், ஹைதராபாத் ராஜ்யத்தில் ராணுவம் புகுந்து மூன்று மாதம்கூட முடியாத நிலையில், எடுக்கப்பட்ட முடிவு அது. அமெரிக்கர்கள் தங்கள் சுதந்திரப் போரின் நினைவிலிருந்து ஆயுத உரிமையை வகுத்துக்கொண்டார்கள். நாம் நம்முடைய சகோதர யுத்தத்தின் நினைவிலிருந்து அதை விலக்கிவைத்தோம்.

பிறகு 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் வந்தது. நிரபராதியான பிரஜைக்கு லைசென்ஸ் கிடைப்பதைச் சற்றே எளிதாக்குவதும் அதன் நோக்கங்களுள் ஒன்று என்று சொல்லப்பட்டபோதிலும், பஞ்சாபில் பயங்கரவாதம் தலைதூக்கிய 1983ஆம் ஆண்டில் ஒருவர் மூன்று துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற வரம்பு விதிக்கப்பட்டது. அந்த வரம்பு 2019ஆம் ஆண்டில் இரண்டாகக் குறைந்தது. மசோதாவில் ஒன்று என்றே இருந்தது. பரம்பரை ஆயுதங்களை உடைய குடும்பங்களும் வடநாட்டு அரசியல்வாதிகள் பலரும் ஆட்சேபித்ததன்பேரில் அது இரண்டாயிற்று. கொண்டாட்டங்களில் ஆகாயத்தை நோக்கிச் சுட்டுப் பிறர் உயிருக்கு அபாயம் விளைவிப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ உண்டு என்றும், கள்ளத் துப்பாக்கி தயாரிப்பவருக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம் என்றும் சட்டம் இறுகியது. அதே சட்டம் லைசென்ஸின் ஆயுளை மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாக நீட்டித்தது. ஒரு மனிதனின் மனநிலையும் குடும்ப நிலையும் ஐந்தாண்டில் எவ்வளவோ மாறிவிடக் கூடும். கடுமையான சட்டத்துக்குள்ளே இந்தத் தளர்வு நுழைந்ததை அப்போது கவனித்தவர்கள் மிகச் சிலர்.

பலவிதப் பேச்சுகள்

இனி, இன்றைய ஹைதராபாத்தில் கேட்கும் அபிப்பிராயங்களை வகைப்படுத்திப் பார்ப்போம்.

முதலாவது, லைசென்ஸ் வைத்திருப்பவர்களின் கருத்து. நகை வியாபாரிகள், கட்டட ஒப்பந்தக்காரர்கள், பழைய நவாபு வம்சத்தார், ஓய்வு பெற்ற ராணுவத்தினர் என்று இவர்கள் பலதிறப்பட்டவர்கள். போலீஸ் கமிஷனரிடம் மனுப் போட்டு, உயிருக்கு என்ன ஆபத்து என்று விளக்கி, உள்ளூர் ஸ்டேஷனின் விசாரணைக்கு நின்று, 2016ஆம் ஆண்டு விதிகளின்படி ஆயுதம் கையாளும் பயிற்சிக்கும் உடல்நலத்துக்கும் சான்றுகள் கொடுத்துத்தான் லைசென்ஸ் பெற வேண்டியிருக்கிறது. இதற்குமேல் என்ன கடுமை வேண்டும், கள்ளத் துப்பாக்கிக்காரன் எந்த மனுவைப் போடுகிறான் என்பது இவர்கள் கேட்கும் கேள்வி. இதில் நியாயம் உண்டு. 2017ஆம் ஆண்டில் ஜெனீவாவின் ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே செய்த மதிப்பீட்டின்படி இந்தியப் பிரஜைகளிடம் சுமார் 7 கோடியே 11 லட்சம் துப்பாக்கிகள் இருந்தன. அவற்றில் பதிவானவை ஒரு கோடிக்கும் குறைவு. பீகாரில் முங்கேர் போன்ற இடங்களில் பட்டறைகளில் தட்டி உருவாக்கப்படும் ‘கட்டா’ என்ற நாட்டுத் துப்பாக்கி எந்த விண்ணப்பத்துக்கும் காத்திருப்பதில்லை.

ஆயினும் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி அபாயமற்றது என்ற வாதத்தை அனுபவம் மறுக்கிறது. 2004 ஜூன் மாதத்தில் ஜூபிலி ஹில்ஸில் ஒரு பிரபல நடிகரின் இல்லத்தில் துப்பாக்கி வெடித்து இருவர் காயமுற்ற சம்பவம் நகரத்தையே உலுக்கியது. 2020 டிசம்பரில் அடிலாபாத்தில், சிறுவர்களின் கிரிக்கெட் ஆட்டத்தில் மூண்ட சச்சரவு பெரியவர்களுக்குள் கைகலப்பாகி, உள்ளூர் அரசியல் பிரமுகர் ஒருவர் லைசென்ஸ் பெற்ற ரிவால்வரால் சுட்டதில் ஓர் உயிர் போயிற்று. ஆயுதம் கையருகில் இல்லாதிருந்தால் வசைமொழிகளோடு முடிந்திருக்கக்கூடிய சண்டை அது. சுட்டவருக்கு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது; லைசென்ஸ் கொடுக்கும்போது செய்ய வேண்டிய பரிசீலனையை அந்தத் தண்டனையால் ஈடுசெய்ய முடியாது.

இரண்டாவது, விளையாட்டு வீரர்களின் கருத்து. சென்னையில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்த ககன் நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்றதும், அந்நகரத்து ஈஷா சிங் பாரிஸ் ஒலிம்பிக் வரை சென்றதும் எண்ணற்ற பெற்றோரைச் சுடுதளத்தின் பக்கம் திருப்பியிருக்கின்றன. துப்பாக்கியை மூச்சடக்கிப் பயிலும் கலையாக அறிந்த இவர்கள், வேற்றுக் காரியத்துக்காக ஆயுதம் தேடுபவரோடு தங்களைச் சேர்த்து எண்ணலாகாது என்கிறார்கள். சட்டம் அவர்களுக்குத் தனி விலக்குகள் கொடுத்திருப்பது முறையே.

மூன்றாவது, பெண்களின் பாதுகாப்பைக் குறித்து எழும் வாதம். 2014ஆம் ஆண்டில் கான்பூர் படைக்கலத் தொழிற்சாலை, டில்லியில் பலாத்காரத்துக்கு ஆளாகி மாண்ட பெண்ணுக்கு வழங்கிய பெயரை நினைவூட்டும் வகையில் ‘நிர்பீக்’ என்று ஒரு சிறு ரிவால்வரை வெளியிட்டது. அதன் அப்போதைய விலை 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய். இரவு வேலை முடிந்து பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் காத்து நிற்கும் பெண்ணுக்கு அந்த விலையிலே பாதுகாப்பு வாங்கச் சக்தி ஏது? பாதுகாப்பைக் கடைச் சரக்காக்கினால் பணமுள்ளவருக்கே அது கிட்டும் என்பதை இந்த ஓர் உதாரணமே காட்டுகிறது.

நான்காவது, பெரும்பான்மையோரின் மௌனம். 2016ஆம் ஆண்டு முடிவில் நாடு முழுவதும் இருந்த 33 லட்சத்து 69 ஆயிரம் லைசென்ஸுகளில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12 லட்சத்து 77 ஆயிரம் இருக்க, தமிழ்நாட்டில் சுமார் 22,500தான் இருந்தன. துப்பாக்கி கௌரவச் சின்னமாகும் சமூகமும், அது வீட்டில் இருப்பதையே அபசகுனமாகக் கருதும் சமூகமும் ஒரே சட்டத்தின் கீழ் வாழ்கின்றன. கர்நாடகத்துக் குடகில் கொடவ மக்கள் துப்பாக்கிக்குப் பூஜை செய்து, லைசென்ஸ் விலக்கையும் அனுபவித்து வருகிறார்கள். அது ஒரு மரபு. ஆனால் தெற்கே பெரும்பாலான குடும்பங்களுக்குத் துப்பாக்கி என்பது போலீஸ்காரரின் தோளிலும் பாங்கியின் வாசலிலும் மட்டுமே காணும் வஸ்து.

இந்த மௌனம் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குச் சம்மதமே என்பதற்கு ஹைதராபாத்தின் போலீஸ் ஸ்டேஷன்களில் தேர்தல்தோறும் நடப்பது ஒரு சாட்சி. தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டதும் லைசென்ஸ்தாரர் தம்முடைய பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியை உறையில் இட்டுக்கொண்டு வருகிறார். ஏட்டு, லைசென்ஸில் உள்ள எண்ணையும் இரும்பில் பொறித்திருக்கும் எண்ணையும் ஒத்துப் பார்த்து, தோட்டாக்களை எண்ணி, பெயர்ச் சீட்டைக் கட்டி அலமாரியில் வைத்துப் பூட்டி, ரசீது கொடுக்கிறார். முடிவுகள் வந்தபின் அதே ரசீதைக் காட்டி ஆயுதத்தைத் திரும்பப் பெறலாம். இவ்விதம் ஆயுதத்தை ஒப்படைக்கச் சொல்லும் உத்தரவை எதிர்த்து நீதிமன்றம் சென்றவர்கள் நாட்டில் உண்டு என்றாலும், பெரும்பாலோர் முணுமுணுப்புடனாவது கீழ்ப்படிகிறார்கள். ஓட்டுச் சாவடிக்கும் துப்பாக்கிக்கும் இடையே தூரம் இருக்க வேண்டும் என்பதை நம் ஜனங்கள் எந்தப் பிரசாரமும் இன்றி ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டு பரீட்சைகள்

ஆனால் இந்தச் சம்மதம் நிபந்தனையற்றதா? ஹைதராபாத்தின் அண்மைச் சரித்திரத்தில் இரண்டு நிகழ்ச்சிகள் இக்கேள்விக்கு எதிரெதிரான பதில்களைத் தருகின்றன.

முதலாவது, 2004ஆம் ஆண்டின் சமாதானப் பேச்சு. தமிழகத்தில் பிறந்து ஆந்திரத்தில் ஆட்சிப் பணி செய்து, ஏழைகளின் அதிகாரி என்று பெயரெடுத்த எஸ். ஆர். சங்கரன், 1987ஆம் ஆண்டில் நக்ஸலைட்டுகளால் கடத்தப்பட்டு விடுதலையானவர். பழிவாங்கும் எண்ணம் பிறந்திருக்க வேண்டிய அந்த அனுபவத்திலிருந்து அவர் வேறொரு முடிவுக்கு வந்தார். 1997ஆம் ஆண்டில் தோன்றிய ‘அக்கறையுள்ள பிரஜைகளின் குழு’வுக்கு அவர் தலைமை தாங்கி, போலீஸின் என்கவுன்டர்களையும் புரட்சிக்காரர்களின் கொலைகளையும் ஒருசேரக் கண்டித்து, இருசாராரையும் பேச்சுக்கு அழைத்தார். அக்குழுவின் இடைவிடாத முயற்சியால் 2004 அக்டோபரில் ஹைதராபாத்தின் மஞ்ஜீரா விருந்தினர் மாளிகையில் சர்க்காரும் மாவோயிஸ்டுகளும் எதிரெதிரே அமர்ந்தார்கள். கிராமங்களுக்குள் ஆயுதத்துடன் போகலாமா என்பதே பெரிய முட்டுக்கட்டையாயிற்று; 2005 ஜனவரியில் பேச்சு முறிந்தது. முடிவு தோல்வியானாலும், பொதுஜன அபிப்பிராயம் இருபுறத்துத் துப்பாக்கியையும் ஒரே தராசில் நிறுத்திப் பார்க்கக்கூடும் என்பதற்கு அது அழியாத முன்னுதாரணம்.

இரண்டாவது நிகழ்ச்சி 2019ஆம் ஆண்டில் நேர்ந்தது. நவம்பர் 27ஆம் தேதி இரவு ஷம்ஷாபாத் சுங்கச்சாவடியின் அருகே ஓர் இளம் கால்நடை மருத்துவர் கொடுமைக்குள்ளாகிக் கொல்லப்பட்டார். நகரமே கொதித்தது, அந்தக் கொதிப்பு முற்றிலும் நியாயமானது. டிசம்பர் 6 விடியற்காலையில், விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்ட நான்கு சந்தேக நபர்களும் சாத்தன்பள்ளிப் பாலத்தின் அருகே போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். துப்பாக்கிகளைப் பறித்துச் சுட்டார்கள், ஆகவே திருப்பிச் சுட்டோம் என்றது போலீஸ். ஜனங்கள் அங்கே திரண்டு போலீஸார்மீது மலர் தூவினார்கள், இனிப்பு வழங்கினார்கள். உச்சநீதிமன்றம் நியமித்த சிர்புர்க்கர் கமிஷன் 2022 மே மாதத்தில் வெளிப்பட்ட தன் அறிக்கையில் போலீஸாரின் கூற்றை நம்பத்தக்கதல்ல என்று தள்ளி, கொல்லும் நோக்கத்துடனேயே சுட்டார்கள் என்று கண்டு, பத்துப் போலீஸார்மீது கொலைவழக்கு நடத்தப் பரிந்துரைத்தது.

இங்கே தேதிகளைச் சற்றுக் கவனியுங்கள். மலர் தூவப்பட்டது டிசம்பர் 6; முன்பு சொன்ன ஆயுதச் சட்டத் திருத்தத்தை லோக்சபை நிறைவேற்றியது டிசம்பர் 9; ராஜ்யசபை நிறைவேற்றியது டிசம்பர் 10. பிரஜையின் கையில் இருக்கும் துப்பாக்கிக்குக் கடிவாளம் இறுகிய அதே வாரத்தில், சர்க்காரின் துப்பாக்கி கடிவாளத்தை அறுத்துக்கொண்டதை ஜனங்கள் கொண்டாடினார்கள். ஏன்? அவர்கள் ரத்தவெறி கொண்டவர்களா? அப்படிச் சொல்வது அநியாயம். ஆண்டுக்கணக்கில் இழுபடும் வழக்குகளைக் கண்டு சலித்தவர்கள், நியாயஸ்தலத்தின்மேல் வைக்க வேண்டிய நம்பிக்கையைத் துப்பாக்கியின்மேல் வைத்துவிட்டார்கள். ஜமேதாரின் காலத்து ஹைதராபாத்தில் நடந்தது வேறு உடையில் மறுபடியும் நடந்தது.

கடல் கடந்த கவலை

அந்நிய நாட்டுத் துப்பாக்கிச் சட்டமும் ஹைதராபாத்தில் வீட்டு விஷயம் என்று தொடக்கத்தில் சொன்னோம். 2017 பிப்ரவரியில் அமெரிக்காவில் கான்ஸாஸ் மாகாணத்தின் ஓலேத் நகரில், ஹைதராபாத்திலிருந்து சென்ற ஓர் எஞ்சினீயர், இனத்துவேஷம் கொண்ட ஒருவனின் துப்பாக்கிக்கு இரையானார். 2023 மே மாதத்தில் டெக்ஸாஸில் ஆலன் நகரத்துக் கடைவளாகத்தில் மாண்ட எண்மருள் ஹைதராபாத் பக்கத்துப் பெண் எஞ்சினீயர் ஒருவரும் உண்டு. 2019 மார்ச்சில் நியூஜிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் சுடப்பட்டு மாண்டபோதும் ஹைதராபாத்தார் வீடுகளில் அழுகுரல் எழுந்தது. அந்தச் சிறிய நாட்டின் பார்லிமெண்ட் ஒரு மாதத்துக்குள், 119க்கு 1 என்ற வாக்குகளில், கொலையாளி பயன்படுத்தியவை போன்ற அரைத்தானியங்கித் துப்பாக்கிகளைத் தடைசெய்தது. ஆஸ்திரேலியாவும் 1996ஆம் ஆண்டின் போர்ட் ஆர்தர் படுகொலைக்குப்பின் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகளை விலைகொடுத்து வாங்கி அழித்தது. நூறு பேருக்கு 120 துப்பாக்கிகள் என்று மதிப்பிடப்பட்ட அமெரிக்காவிலோ, பெரும்பான்மையோர் கடுமை வேண்டும் என்று சொல்லியும் சட்டம் நத்தைபோல் நகர்கிறது. ஜனங்களின் அபிப்பிராயம் சட்டமாவதற்கு, அதைச் சட்டமாக்கத் துணியும் அரசியல் ஸ்தாபனங்களும், அவற்றின்மேல் ஜனங்களுக்கு நம்பிக்கையும் வேண்டும் என்பதே இந்த ஒப்பீட்டின் பாடம்.

முடிவுரை

சட்டத்தின் கடுமை குறையக் கூடாது என்பதே என் துணிபு. 2023 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம், லைசென்ஸ் அற்ற துப்பாக்கிகளின் பெருக்கத்தைக் கண்டு தானாகவே வழக்கெடுத்து விசாரித்தபோது, அமெரிக்காவைப்போல் ஆயுத உரிமையை நம் அரசியல் சட்டம் தரவில்லை என்று நினைவூட்டியது; அது நம் பாக்கியம். ஆனால் கடுமை மூன்று இடங்களில் சேர வேண்டும். கள்ளப் பட்டறைகளின்மேலும் கடத்தல்காரர்மேலும் அது முதலில் பாய வேண்டும். லைசென்ஸ் பெற்றவரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை காகிதத்தில் மட்டும் பாராமல், இடையிலும் அவர் நடத்தையையும் மனநிலையையும் பரிசீலிக்க வேண்டும். மூன்றாவதாக, சர்க்காரின் துப்பாக்கியிலிருந்து புறப்படும் ஒவ்வொரு தோட்டாவுக்கும் நீதிபதியின் முன் கணக்குச் சொல்லும் கடமை போலீஸுக்கு இருக்க வேண்டும்.

பிரஜை தன் ஆயுதத்தைக் கீழே வைப்பது ஓர் ஒப்பந்தத்தின்பேரில். தனக்கு அநீதி நேர்ந்தால் சட்டம் விரைந்து வந்து நியாயம் வழங்கும் என்பதே அந்த ஒப்பந்தத்தின் மறுபாதி. சாலார்ஜங் அதை உணர்ந்து நீதிமன்றங்களைச் சீர்ப்படுத்தினார்; வினோபா அதை உணர்ந்து நிலம் கேட்டார்; சங்கரன் அதை உணர்ந்து இருசாராரையும் பேச அழைத்தார். ஆகவே துப்பாக்கிச் சட்டம் கடுமையாக வேண்டும் என்று குரல் கொடுக்கும் நாம், வழக்குகள் காலத்தில் முடிய வேண்டும் என்றும், போலீஸ் சட்டத்துக்குள் நடக்க வேண்டும் என்றும் அதே குரலில், அதே உறுதியுடன் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம். முதலாவதை மட்டும் கேட்டு மற்றவற்றை மறந்தால், அடுத்த கொடுமை நேரும் நாளில் ஜனங்கள் மறுபடியும் துப்பாக்கிக்கே மலர் தூவுவார்கள். அன்று அவர்களைக் குறைசொல்ல நமக்கு யோக்கியதை இராது.